ஹெரால்டுக்கு டிஸ்க் பிரேக் போடுவதற்கு முன்னால்

[காட்சி: மலைச் சாலை. ஓரம் கட்டி நிற்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. முன் சக்கரத்திலிருந்து மெல்லிய புகை.]

வணக்கம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் வழி இது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்பேன். கருகிய வாடை வந்தது. பிரேக் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. கியரை முதலுக்குத் தட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைச்சுவரை ஒட்டி நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த மச்சான் இறங்கி, ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டைக் கொடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தான்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டதும் வந்த முதல் யோசனை, "டிஸ்க் போட்டுடுங்க சார்." போட்டேன்தான். ஆனால் அது கடைசியில் செய்த வேலை. ஏன் கடைசி என்பதுதான் இந்த வீடியோ.

[காட்சி: கேரேஜ். முன்பக்கம் மொத்தமாகத் திறந்த பானெட்.]

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் 1959இல் ஹெரால்டைக் கொண்டுவந்தது. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி வரைந்த வடிவம். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி அதைத் தயாரித்தது. 948 சிசி என்ஜின், தனி சேஸி. முன்னால் 8 இன்ச் டிரம், பின்னால் 7 இன்ச் டிரம். அன்றைய சாலைக்கும் வேகத்துக்கும் அது போதும். இன்றைக்கு பைபாஸில் நமக்கு முன்னால் போகிற கார் சட்டென்று நின்றால் போதாது.

கணக்கைப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிறுத்த, பிரேக் சுமார் 125 கிலோஜூல் சூட்டை வாங்க வேண்டும். 100 கிலோமீட்டரில் அது 347. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சரி, ஏற்காடு? மேலேயிருந்து கீழே சுமார் 1200 மீட்டர் இறக்கம். அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும், 100 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து 30 தடவை நிறுத்துவதற்குச் சமம். அதில் பாதியை என்ஜினும் காற்றும் வாங்கிக்கொண்டாலும் மிச்சம் 15 தடவை. அதுவும் ஆற விடாமல், அடுத்தடுத்து.

டிரம் என்பது மூடிய பாத்திரம். உள்ளே ஷூ என்கிற வளைந்த கட்டை உரசுகிற சூடு வெளியேற வழி குறைவு. சூடேறினால் ஷூ மேல் ஒட்டிய லைனிங்கின் பிடிப்பு விழுந்துவிடும். டிரம்மும் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே இறங்கும். டிஸ்க்கில் தகடு காற்றிலேயே சுற்றுகிறது. விரிந்தால், அதைக் கவ்வுகிற பேடை நோக்கித்தான் விரியும்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மலையில் பிரேக் போவதில் இரண்டு வகை உண்டு. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடாகிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டால், பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்துவிட்டது. எனக்கு நடந்தது முதல் வகை. பிரித்துப் பார்த்தால் இரண்டாவது வகைக்கும் எல்லாம் தயாராகத்தான் இருந்தது.

[காட்சி: கழற்றிய டிரம், துருப்பிடித்த வீல் சிலிண்டர், காபி டிகாக்‌ஷன் நிறத்தில் பிரேக் ஆயில்.]

முன்பக்கம் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ஒன்று இறுகிப்போய் அசையவே இல்லை. டிரம்மை யாரோ பலமுறை லேத்தில் கொடுத்துக் கடைந்து மெல்லிசாக்கியிருந்தார்கள். மெல்லிய டிரம் சீக்கிரம் சூடாகும். ஆயில் எத்தனை வருடப் பழசு என்று வண்டிக்கே தெரியாது. இந்த நிலையில் முன்னால் டிஸ்க் மட்டும் மாட்டியிருந்தால், காசு போனதுதான் மிச்சம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ரக ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140. டாட் 4க்கு இது 230, 155. வண்டி ஓடாமல் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டாட் 5 என்று ஊதா நிறத்தில் வருவது சிலிக்கான். அது மற்றவற்றோடு கலக்கக் கூடாது. 5.1 வேறு, 5 வேறு. பெயர் வைத்தவரைத்தான் திட்ட வேண்டும்.

இன்னொன்று. பழைய ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஏர் கன்னால் ஊதாதீர்கள். நனைத்துத் துடையுங்கள், முகமூடி போடுங்கள்.

ஆக முதல் வேலை, இருப்பதைச் சரி செய்வது. சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், ஷூ, டிரம், பைப் எல்லாம். பைப்புக்கு வெறும் செம்பு வேண்டாம், அதிர்விலேயே கெட்டிப்பட்டு விரிசல் விடும். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் பைப் கிடைக்கிறது, துரு பிடிக்காது. நட் விஷயத்தில் கவனம். இந்த பிரிட்டிஷ் வண்டியில் 3/8 இன்ச் மரை. கடையில் எளிதாகக் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் நட் பார்க்க அப்படியே இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் செய்யும். அப்புறம் ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் மரை போய்விடும், அல்லது பிரேக்கை மிதிக்கும் நாளில் போகும்.

[காட்சி: மாஸ்டர் சிலிண்டர். ஒரே குழாய் வெளியே வருகிறது.]

இரண்டாவது வேலைதான் என் பார்வையில் முக்கியம். டிஸ்க்கை விட முக்கியம். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். இந்த வண்டியில் அதிலிருந்து ஒரே லைன்தான். எந்தச் சக்கரத்தில் ஒரு ஹோஸ் வெடித்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. என்னதான் விலை உயர்ந்த டிஸ்க் போட்டாலும், எல்லாம் அந்த ஒற்றை லைனில்தான் தொங்குகிறது. டேன்டம் சிலிண்டர் என்றால் உள்ளே இரண்டு பிஸ்டன், முன்னுக்கு ஒரு லைன், பின்னுக்கு ஒரு லைன். ஒன்று போனாலும் இன்னொன்று வண்டியை நிறுத்தும், தாமதமாகவாவது. அமெரிக்கக் கார்களில் 1967 மாடல் முதல் இது பரவலானது. அங்கே விற்ற பிற்கால ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரிலும் உண்டு. ஹெரால்டில் போட, பெடல் பிராக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கலாம். வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்.

சிலிண்டர் சைஸில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. "பெருசா போட்டா பிரேக் நல்லா பிடிக்கும்" என்பார்கள். நேர் எதிர். 5/8 இன்ச் சிலிண்டரை எடுத்துவிட்டு 3/4 இன்ச் போட்டால் பிஸ்டனின் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. அதே மிதிக்கு லைனில் அழுத்தம் சுமார் 30 சதவீதம் குறையும். பெடல் ஆழமாகப் போகாது, அதனால் நல்ல பிரேக் போலத் தோன்றும், அவ்வளவுதான். பேடை டிஸ்க் மேல் அழுத்துகிற கேலிப்பருக்கு அதிக ஆயில் வேண்டும் என்றால் மட்டும் பெரியது தேவை.

[காட்சி: மேசை மேல் டிஸ்க், கேலிப்பர், ஹப்.]

சரி, இப்போது டிஸ்க். இதில் ஹெரால்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் சேஸியைக் குறுக்கிச் செய்த ஸ்போர்ட்ஸ் கார். அதன் முன் சக்கரங்களில் 9 இன்ச் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம். அதாவது நமக்குத் தேவையான பாகம் இந்தக் குடும்பத்திலேயே இருக்கிறது. வெல்டிங் அடித்து வேறு காரின் கேலிப்பரை ஒட்டுகிற வேலை வேண்டாம். ஹப், டிஸ்க், கேலிப்பர், பிராக்கெட், ஹோஸ் எல்லாம் ஒரே வண்டியின் செட்டாக வாங்குங்கள். போல்ட் இறுக்குவதற்கு முன் வீலை மாட்டிக் கையால் சுற்றி, கேலிப்பர் உரசவில்லை என்று பாருங்கள்.

ஹப் கழன்று கிடக்கும்போதே ட்ரனியனையும் பாருங்கள். முன் சக்கரம் திரும்புகிற கீழ் மரைத் துண்டு அது. அதில் கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளே போய்ச் சேராமல் மரை வறண்டு, துருப்பிடித்து, ஒருநாள் உடைந்து சக்கரம் மடங்கிவிடும். இதற்குப் பிரேக்கோடு சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். பலமாகப் பிடிக்கிற பிரேக்கின் விசை போய் விழுவது அங்கேதான்.

டிரம்முக்கான சில மாஸ்டர் சிலிண்டர்களில் லைனுக்குள் கொஞ்சம் அழுத்தம் தங்கும்படி ஒரு வால்வு இருக்கும். அதை டிஸ்க் லைனில் விட்டுவைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே போகும். டிஸ்க் போட்ட பிறகு வீல் சூடாகிறது என்று வருகிற பல வண்டிகளில் இதுதான் காரணம்.

பின்னால் டிரம்மையே விட்டுவிட்டேன். ஹேண்ட் பிரேக் அதில்தான் இருக்கிறது. அதோடு ஹெரால்டின் பின் சக்கரங்கள் வளைவில் பளு குறைந்தால் உள்ளே மடங்குகிற ரகம். பின் பிரேக் முன்னதைவிட முந்திக்கொண்டு பிடித்தால் வண்டி சுழன்றுவிடும்.

மிதிக்குக் கைகொடுக்கிற பூஸ்டர் வேண்டுமா என்று கேட்பீர்கள். டிரம் ஷூ சுற்றுகிற வேகத்திலேயே தன்னை இழுத்து இறுக்கிக்கொள்ளும், டிஸ்க் பேட் அப்படிச் செய்யாது. அதனால் மிதி கொஞ்சம் பலமாகும். இவ்வளவு லேசான காருக்கு நான் போடவில்லை. வீட்டில் வயதானவர்களும் ஓட்டுவதாக இருந்தால் போடலாம். நிறுத்துகிற திறன் அதனால் அதிகமாகாது, கால் வலி குறையும்.

ஆர்.டி.ஓ. விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2021இல் வந்த விண்டேஜ் விதியும் 50 வருடம் தாண்டிய வண்டி மூல வடிவில் இருப்பதைத்தான் எதிர்பார்க்கிறது. முதலில் விசாரியுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் எழுதிக் கொடுங்கள். கழற்றிய டிரம் செட்டை எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள்.

[காட்சி: அதே மலைச் சாலை, காலை வெயில்.]

லைனில் இருந்த காற்றை வெளியேற்றி, அதற்கான நிப்பிள்களை இன்னொருமுறை பார்த்து, ஆளில்லாத ரோட்டில் மெதுவாகப் பலமுறை பிடித்துப் பேடைப் படிய வைத்த பிறகு மறுபடி ஏற்காடு போனோம். இறங்கியது பெரும்பாலும் இரண்டாவது கியரில். டிஸ்க் இருக்கிறது என்று என்ஜினுக்கு லீவு கொடுக்கவில்லை. கடைசி வளைவிலும் பெடல் முதல் வளைவில் இருந்த உயரத்திலேயே இருந்தது.

அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தினேன். மச்சான் இறங்கி, ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் டீ சொன்னான்.