பக்கத்தில் நின்றவர்

(வேலூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் மேடையில் பேசிப் பழகியவன் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இதே ஊரில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தவன். தாம்பூலப் பை, காதுகுத்துப் பத்திரிகை, கபடி டீம் பனியன், கட்சி மாநாட்டுத் தொப்பி என்று எது வந்தாலும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். சே குவேராவைப் பற்றிப் பேச வேண்டும் என்று நண்பர்கள் கூப்பிட்டபோது, அதற்குப் படித்த பேராசிரியர்கள் இருக்கிறார்களே என்றேன். "அவர்கள் அவரைப் படித்திருப்பார்கள், நீங்கள் அவரை அச்சடித்திருக்கிறீர்கள்" என்றார்கள். சரி, அந்தத் தகுதி எனக்கு உண்டு. எத்தனை என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை; ஆனால் என் பட்டறையில் சாமி படங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் அடித்த முகம் அதுதான்.

நடுவரிசையில் ஒரு தம்பி அந்தப் படம் போட்ட டீ-ஷர்ட்டோடு உட்கார்ந்திருக்கிறார். சங்கடப்படாதே தம்பி, உன்னைக் கேள்வி கேட்கப் போவதில்லை. அந்தப் படத்தில் இல்லாத ஒருவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1960 மார்ச் 4-ஆம் தேதி, ஹவானா துறைமுகத்தில் லா கூப்ர் என்ற பிரெஞ்சு சரக்குக் கப்பல் வெடித்தது. பெல்ஜியத்திலிருந்து கியூபாவுக்கு வெடிமருந்து ஏற்றி வந்த கப்பல். ஏராளமான பேர் செத்துப்போனார்கள். மறுநாள் இரங்கல் கூட்டம். ஃபிடல் காஸ்ட்ரோ பேசுகிறார். எழுத்தாளர்கள் சார்த்ரும் சிமோன் த பொவாரும் பிரான்சிலிருந்து வந்து மேடையில் நிற்கிறார்கள். கீழே நின்று படம் எடுத்தவர் ஆல்பர்டோ கோர்டா. புரட்சிக்கு முன்னால் ஃபேஷன் படம் எடுத்துப் பிழைத்தவர். முகத்தில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். பின்னால் நின்ற சே சில விநாடிகள் மேடையின் முன்பக்கம் வந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கோர்டா இரண்டு முறை கிளிக் செய்தார். அவ்வளவுதான்.

பத்திரிகை அலுவலகத்தில் காஸ்ட்ரோ படத்தையும் சார்த்ர் படத்தையும் எடுத்துக்கொண்டு, இதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பட்டறையில் நாங்கள் 'வேஸ்ட் ஷீட்' என்று ஒரு ஓரத்தில் போட்டு வைப்போமே, அந்த மாதிரி. கோர்டாவுக்கு மனசு கேட்கவில்லை. அதைப் பெரிதாக்கித் தன் ஸ்டுடியோ சுவரில் மாட்டிக்கொண்டார். மாட்டுவதற்கு முன்னால் அதை வெட்டினார்.

முழு நெகட்டிவில் சே தனியாக இல்லை. ஒரு பக்கம் பனை ஜாதி மரத்தின் ஓலை. இன்னொரு பக்கம் ஒருவரின் பக்கவாட்டு முகம் – மூக்கு, நெற்றி, தலைமுடி. அவரை ஜார்ஜ் மசெட்டி என்று அடையாளம் சொல்கிறார்கள். சேயைப் போலவே அர்ஜென்டினாக்காரர். 1958-ல் மலைக்காட்டுக்குள் போய் காஸ்ட்ரோவையும் சேயையும் பேட்டி கண்ட பத்திரிகையாளர். பிறகு கியூபாவின் செய்தி நிறுவனமான பிரென்சா லத்தீனாவை அமைத்தவர். அப்புறம் அவரே துப்பாக்கி தூக்கினார். சே அனுப்பிய ஆளாக, அர்ஜென்டினாவின் வடக்கே சால்டா காட்டுக்குள் ஒரு சின்னக் கெரில்லாக் குழுவோடு போனார். 1964-ல் அந்தக் காட்டிலேயே காணாமல் போனார். உடல் கிடைக்கவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரே மேடை, ஒரே நாடு, ஒரே கனவு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி முடிவு. கத்தரிக்கோலுக்கு இந்தப் பக்கம் நின்றவர் உலகம் பூராவும் பனியனில் இருக்கிறார். அந்தப் பக்கம் நின்றவரின் பெயரை இந்த அரங்கில் இதற்கு முன் கேட்டவர்கள் கை தூக்குங்கள். … இரண்டு பேர். இரண்டு பேரும் எங்கள் வட்டத்துக்காரர்கள், நேற்றே நான் சொல்லிவிட்டேன்.

இப்போது என் தொழில் சங்கதி ஒன்று சொல்கிறேன். ஒரு மனுஷன் முகத்தைத் துணியில் அடிப்பது லேசான வேலை இல்லை. கன்னத்தின் நிழல், கழுத்தின் மடிப்பு எல்லாம் வர வேண்டுமென்றால் படத்தைப் புள்ளி புள்ளியாக மாற்றி ஹாஃப்டோன் எடுக்க வேண்டும். புள்ளி அடைத்துக்கொண்டால் முகம் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். பல தலைவர்களை அடித்து இப்படி அவமானப்பட்டிருக்கிறேன், யார் என்று சொல்ல மாட்டேன். சேயின் படத்துக்கு அந்தத் தொல்லையே கிடையாது. கறுப்பு, வெள்ளை, நடுவில் ஒன்றுமில்லை. ஒரே ஸ்கிரீன், ஒரே கலர், ஸ்க்வீஜியை, அதாவது மை தள்ளுகிற ரப்பர் பட்டையை, ஒரு இழு இழுத்தால் முடிந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பேன். கெடுக்க முடியாத படம் அது.

அப்படி ஆக்கியவர் ஐரிஷ் ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக். 1967-ல் ஃபெல்ட்ரினெல்லி என்ற இத்தாலியப் பதிப்பாளர் கோர்டாவின் ஸ்டுடியோவுக்கு வந்தார். கோர்டா காசு வாங்காமல் இரண்டு பிரதி கொடுத்தார். சில மாதங்களில் சே செத்தார். இத்தாலியில் போஸ்டர் பறந்தது. 1968-ல் ஃபிட்ஸ்பேட்ரிக் அதே முகத்தைச் சிவப்புப் பின்னணியில் வெறும் கறுப்புக் கோடுகளாக வரைந்தார். யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும் என்று உரிமையை விட்டுக்கொடுத்தார். அந்த 'யார் வேண்டுமானாலும்' கூட்டத்தில் நானும் ஒருவன்.

அந்த முகம் இப்படிப் பரவியது போஸ்டரால் மட்டும் என்று சொன்னால் தப்பு. இன்னொரு படம் இருக்கிறது. அதை எடுக்க வைத்தவர்கள் அவரைக் கொன்றவர்கள்.

1967 அக்டோபர் 9-ஆம் தேதி, பொலிவியாவில் லா இகேரா என்ற மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவரைச் சுட்டார்கள். முந்தின நாளே காலில் அடிபட்டுப் பிடிபட்டவர். வயது 39. உடலை ஹெலிகாப்டரில் கட்டி வாயேகிராந்தே ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆஸ்பத்திரியின் பின்பக்கம் துணி துவைக்கிற சிமெண்ட் தொட்டி. அதன்மேல் ஸ்ட்ரெச்சரோடு கிடத்திப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். செத்தது அவர்தான் என்று உலகம் நம்ப வேண்டுமே, அதற்காகக் கழுவி, முகம் தெரிகிற மாதிரி ஆக்கி வைத்தார்கள். கண் திறந்தபடி இருந்தது. ஃப்ரெடி அல்போர்டா என்ற பொலிவிய போட்டோகிராபர் எடுத்த படத்தைப் பார்த்தால், சுற்றி நிற்கும் அதிகாரிகளில் ஒருவர் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார். பட்டாளத்துக்காரர்கள் வெற்றியைக் காட்டுவதாக நினைத்தார்கள். பார்த்த கத்தோலிக்க ஜனங்களுக்குச் சிலுவையிலிருந்து இறக்கிய உடம்பு தெரிந்தது. ஊர்ப் பெண்கள் அவர் தலைமுடியைக் கத்தரித்து எடுத்துப்போய் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் அவரைப் புனிதர் எர்னெஸ்டோ என்று கும்பிடுகிறவர்கள் உண்டு. இதைச் சொன்னால் சில தோழர்களுக்கு முகம் சுருங்கும். கடவுள் இல்லை என்றவருக்கு மெழுகுவர்த்தியா என்பார்கள். கழுவேற்றப்பட்டவனையும் வெட்டுப்பட்டவனையும் ஊர் எல்லையில் வைத்துப் பொங்கல் வைக்கிற நமக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அடையாளம் பார்க்க இரண்டு கைகளையும் மணிக்கட்டோடு வெட்டி எடுத்துக்கொண்டு, உடலை ரகசியமாகப் புதைத்தார்கள். முப்பது வருஷம் கழித்து, 1997-ல்தான் வாயேகிராந்தே விமானத் தளத்தின் அருகே எலும்புகள் கிடைத்தன. இப்போது கியூபாவின் சாண்டா கிளாராவில் இருக்கின்றன. புதைத்த இடம் தெரிந்தால் கும்பல் கூடும் என்று பயந்தவர்கள், முகத்தைத் தாங்களே ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல வேடிக்கை.

சரி, இதுவரை கைதட்டினீர்கள். இனிமேல் கொஞ்சம் கசக்கும்.

கோர்டா வெட்டியது ஒரு ஓலையையும் ஒரு மூக்கையும்தான். நாம் வெட்டியது அதைவிட அதிகம். 1959 ஜனவரியில் புரட்சி ஜெயித்ததும் ஹவானாவின் லா கபானா கோட்டை சேயின் பொறுப்பில் வந்தது. பழைய ஆட்சியின் ஆட்களைப் புரட்சி நீதிமன்றங்கள் அங்கே விசாரித்தன. மேல்முறையீட்டில் கடைசிக் கையெழுத்து அவருடையது. விடியற்காலையில் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். எத்தனை பேர் என்பதில் சண்டை உண்டு. நடந்ததில் சண்டை இல்லை. அவரே 1964 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் நின்று, ஆமாம் சுட்டோம், தேவைப்படும் வரை சுடுவோம் என்கிற பொருளில் பேசினார். அவர் மறைக்கவில்லை, மறைத்தது அவரை நேசிக்கிற நாம். பதவி பறிபோன பாதிஸ்டா ஆட்சியில் சித்திரவதை செய்தவர்களும் அந்தச் சுவரில் நின்றார்கள் என்பது உண்மை. அவசர விசாரணையில் ஆளைக் கொன்றால் தவறு நேரும் என்பதும் உண்மை. என் கட்சிக்கார நண்பர் முதலாவதை மட்டும் சொல்வார், எதிர்வீட்டுக்காரர் இரண்டாவதை மட்டும் சொல்வார். இரண்டு பேரும் என்னிடம் வந்து ஒரே பனியன் வாங்கியிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் பையனுக்காக வாங்கினார், அது வேறு கதை.

தோல்வியையும் வெட்டினோம். 1965-ல் காங்கோவுக்குப் போனார். அந்தக் குறிப்புகளை, இது ஒரு தோல்வியின் வரலாறு என்றே தொடங்குகிறார். பொலிவியாவில் எந்த விவசாயிகளுக்காகப் போனாரோ அவர்கள் தன்னோடு வந்து சேரவில்லை என்று நாட்குறிப்பில் திரும்பத் திரும்ப எழுதுகிறார். மூச்சிழுப்பு வேறு. ஆஸ்துமாவுக்கு மருந்து இல்லாமல், குதிரைமேல் உட்கார்ந்து திணறிக்கொண்டு போன மனிதர். வென்றவராக நாம் அணிகிற முகம், எடுத்த நாளில் ஒரு வங்கித் தலைவரின் முகம். ஆமாம், 1960-ல் அவர் கியூபாவின் தேசிய வங்கித் தலைவர். அந்த நாட்டுப் பண நோட்டில் வெறும் 'சே' என்று கையெழுத்துப் போட்டவர். பணத்தைப் பற்றி அவருக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். இன்றைக்கு கியூபாவின் 3 பெசோ நோட்டில் அவர் முகம் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதை விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள்.

2000-ல் ஒரு ஓட்கா விளம்பரத்தில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அதுவரை பைசா கேட்காத கோர்டா வழக்குப் போட்டார். 50,000 டாலர் கிடைத்தது. கியூபாவின் மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டார். மறுவருஷம் இறந்துபோனார்.

இங்கே நம் ஊர் ஞாபகம் வருகிறது. தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூர் என்று ஒரு ஊர். இன்று திருவண்ணாமலை மாவட்டம், 1989 வரை நம் வடஆற்காடு. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப்போய்ச் செத்தான் என்று கல்லில் இருக்கிறது. அதோடு முடியவில்லை. கோவிவன் என்கிற அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர்! நாயின் உருவமும் உண்டு. கல்லில் எழுத்து வெட்டுவது என்ன சுலபமா? ஒவ்வொரு எழுத்துக்கும் உளி தேய வேண்டும். இருந்தும் நாயை விட மனசு வரவில்லை அந்த ஆளுக்கு. எனக்குத் தெரிந்து 'கிராப்' செய்யாத, அதாவது ஓரத்தில் இருப்பதை வெட்டி எறியாத, கலைஞன் அவன்தான்.

முகமே இல்லாதவர்கள் கதை இன்னொன்று. மக்கான் பக்கம் பஸ்ஸில் போகும்போது 1806 சிப்பாய்க் கலகத்தின் நினைவுத் தூண் தெரியும், பார்த்திருப்பீர்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சுட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களையும் விடவில்லை. திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து, அகப்பட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார். இந்தக் கதையிலும் இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறது. ஆனால் எந்தச் சிப்பாயின் முகமும் நமக்குத் தெரியாது. அதனால் ஒரு பனியன்கூட அடிக்க முடியவில்லை. ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு யாரோ கேட்டார்கள். தூணைத்தான் அடித்துக் கொடுத்தேன். மெழுகுவர்த்தி மாதிரி வந்தது.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். மசெட்டி விஷயத்தைப் படித்த வருஷம் எனக்கு ஒரு வேகம். முழு நெகட்டிவையும், ஓலை, மூக்கு எல்லாம் சேர்த்து, பத்து பனியன் அடித்தேன். ஹாஃப்டோன் போட்டு இரண்டு நாள் உயிரைக் கொடுத்து அடித்தேன். லாங் பஜாரில் எப்போதும் என்னிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தார். "பக்கத்துல யாருண்ணே, உங்க சொந்தக்காரரா? அந்த ஆளை எடுத்துட்டுக் குடுங்க, வாங்கிக்கறேன்" என்றார்.

ஒன்பதை வீட்டில் ஸ்கூட்டர் துடைக்கப் போட்டுவிட்டார்கள். பத்தாவது இந்தப் பையில் இருக்கிறது. துவைத்துத் துவைத்து ஓலை போய்விட்டது, சேயின் தொப்பி நட்சத்திரமும் மங்கிவிட்டது. அந்த மூக்கில் மட்டும் மை கொஞ்சம் கனமாக விழுந்திருக்கிறது போல, அப்படியே இருக்கிறது. டீ குடிக்கும்போது வந்து பாருங்கள்.