புதிய காரின் 5 ஆண்டு சர்வீஸ் செலவு எவ்வளவு? ரசீதை வரிக்கு வரி பார்ப்போம்

வணக்கம். ஒரு புதிய சிறிய பெட்ரோல் காரை 5 ஆண்டுகளில் 50,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால், வழக்கமான சர்வீஸுக்கு ஏறத்தாழ 25,000 முதல் 35,000 ரூபாய் வரை ஆகும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அதே காரை அதே தூரம் ஓட்டிய சிலர், அரை லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டு வருகிறார்கள். இந்த வேறுபாடு என்ஜினில் பிறப்பதில்லை, சர்வீஸ் சென்டரில் நீங்கள் கையெழுத்திடும் ஜாப் கார்டில், அதாவது செய்யப்போகும் வேலைகளின் பட்டியலில் பிறக்கிறது.

[திரையில்: மாதிரி ஜாப் கார்டு]

மாருதியின் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நான் சொல்லும் தொகைகள் தோராயமானவை. ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் மாறும். டீசல், டர்போ பெட்ரோல் கார்களுக்கு இதைவிடக் கூடுதலாகும். டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ் ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

1,000, 5,000, 10,000 கிலோமீட்டரில் வரும் முதல் மூன்று சர்வீஸ்களும் இலவசம் என்று ஷோரூமில் சொல்வார்கள். அங்கே இலவசமாகக் கிடைப்பது லேபர் மட்டுமே. மாற்றப்படும் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நீங்கள்தான் பணம் தர வேண்டும். முதல் இரண்டில் பெரும்பாலும் பரிசோதனை மட்டும் நடப்பதால் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். மூன்றாவதில் ஏறத்தாழ மூன்று லிட்டர் என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்டின் வாஷர் ஆகியவை சேர்ந்து 2,000 முதல் 3,500 ரூபாய் வரை வரும். அதன் பிறகு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸுக்கு விட வேண்டும். கார் அதிகம் ஓடவில்லை என்பதற்காக ஆண்டுக் கெடுவைத் தவறவிட்டால், பின்னால் வாரன்டி கோரும்போது அதுவே சிக்கலாக வந்து நிற்கும்.

கட்டண சர்வீஸ்களில் 20,000, 30,000, 50,000 கிலோமீட்டருக்கு ஒவ்வொன்றுக்கும் 4,500 முதல் 6,500 ரூபாய் வரை ஒதுக்கி வையுங்கள். 40,000 கிலோமீட்டர் சர்வீஸ்தான் பெரியது. ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், சாதாரண வகையாக இருந்தால் ஸ்பார்க் பிளக் ஆகிய அனைத்தும் அப்போது ஒன்றாக வருவதால், 7,000 முதல் 10,000 ரூபாய் வரை ஆகலாம். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்கள் மீதான ஜிஎஸ்டி 18 விழுக்காடாக இருக்கிறது. அதற்கு முன்பு பல பாகங்களுக்கு 28 விழுக்காடு இருந்தது. ஆகவே பழைய ரசீதோடு ஒப்பிடுபவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலில் நான் உங்களை நிறுத்த விரும்பும் இடம் பிரேக் ஆயில். மாற்றுவதற்கு லேபரோடு சேர்த்து ஆயிரம் ரூபாயைச் சுற்றியே ஆகும் இந்த வேலையை, ‘பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது’ என்று சொல்லிப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. ரப்பர் குழாய்களின் வழியாகக்கூட ஈரம் மெல்ல மெல்ல உள்ளே சேரும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்ட நிலைக்கு அதே விதி வைத்திருக்கும் வரம்பு 140 டிகிரிதான். சற்று உயர்ந்த டாட் 4 வகையில் இந்த எண்கள் 230, 155 என்று இருக்கின்றன.

இதைக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வைத்துப் பாருங்கள். குடும்பத்தோடு இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்த, சக்கரத்தின் அருகே உண்டாகும் வெப்பம் ஆயிலுக்குப் போகிறது. ஈரம் கலந்த ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். ஆகவே நீங்கள் மிதிக்கும் விசை சக்கரத்தைச் சேராமல் அந்தக் குமிழ்களைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோக, பெடல் தரைவரை இறங்கிவிடும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஆண்டு முழுவதும் கடற்காற்றில் நிற்கும் கார்களுக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது உங்கள் கையேடு சொல்லும் கெடுவுக்குள் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். மலைப்பாதையில் இறங்கும்போது தாழ்ந்த கியரில் வாருங்கள் என்பதையும் இந்த இடத்தில் அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வளவு முக்கியமான ஒன்றைப் பற்றிப் பேசாத சர்வீஸ் அட்வைசர், வேறு சிலவற்றைத் தாமாகவே பரிந்துரைப்பார். என்ஜினுக்குள் படியும் கரியை நீக்கும் டீகார்பனைசிங், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் கிளீனிங், ஏசி கிருமி நீக்கம், டெஃப்லான் கோட்டிங், அடிப்பகுதிக் கோட்டிங் என்று ஒவ்வொன்றும் சில நூறு முதல் சில ஆயிரம் ரூபாய் வரை ரசீதில் ஏறும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உற்பத்தியாளரின் பராமரிப்பு அட்டவணையில் இடமே இல்லை. 20,000 கிலோமீட்டர் ஓடிய, எந்தக் கோளாறும் காட்டாத என்ஜினுக்கு டீகார்பனைசிங் செய்வது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. கடற்கரையோரம் வசிப்பவர்களுக்கு அடிப்பகுதிக் கோட்டிங் பயன்படலாம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ டயர் ஒரு ஓரத்தில் தேய்ந்தாலோ சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட்டைத் தயங்காமல் செய்துவிடுங்கள்.

ஆகவே காரை விடும்போது கையேட்டின் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எஸ்டிமேட்டின் ஒவ்வொரு வரியையும் அதோடு ஒப்பிடுங்கள். அட்டவணையில் இல்லாததை ஏன் சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் நிறைவாக இல்லையென்றால் அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லவும் தயங்க வேண்டாம்.

வெளியே நம்பிக்கையான மெக்கானிக்கிடம் விடலாமா என்று பலர் கேட்கிறீர்கள். 2014 ஆகஸ்டில், சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகச் சந்தையைக் கட்டுப்படுத்தியதற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை முழுவதுமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த ஆணையில் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. நடைமுறையில் வாரன்டிக் காலம் முடியும்வரை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே விட்டு ரசீதுகளைக் கோப்பில் சேர்த்து வைப்பதும், அதன் பிறகு வெளியே செல்வதும் அலைச்சல் குறைந்த வழி என்று கருதுகிறேன். மாருதி 2024 ஜூலை முதல் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி தருவதால், அதுவரை காத்திருப்பதில் நட்டமில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பெட்ரோல் விலை ஏறத்தாழ 100 ரூபாய் என்று வைத்தால், அதே 50,000 கிலோமீட்டருக்கு எரிபொருளுக்கு மட்டும் 2 லட்சத்து 78 ஆயிரம் ரூபாய் ஆகிறது. சர்வீஸ் செலவு அதில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றியே நிற்கிறது. கிலோமீட்டருக்கு 50 முதல் 70 காசு. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுபவர்கள், டயரின் காற்றழுத்தத்தை மாதம் இருமுறை பார்த்தாலே பெட்ரோலில் மிச்சம் காணலாம்.

உங்கள் கடைசி சர்வீஸ் ரசீதைக் கையில் எடுங்கள். காரின் பெயர், ஊர், ஓடிய கிலோமீட்டர், மொத்தத் தொகை, அதில் அட்டவணைக்கு வெளியே எவ்வளவு என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்து கார் வாங்கப் போகிறவர்கள் தங்கள் ஊர் நிலவரத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.