மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆலய மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. மேடையில் நேரமில்லாமல் விட்டதில் கொஞ்சத்தை இங்கே சேர்த்திருக்கிறேன். மீதியை இங்கேயும் விட்டுவிட்டேன்.

எல்லோருக்கும் வணக்கம். தலைமை தாங்கும் சபைத் தலைவர் ஐயா அவர்களே, ஆலய அறங்காவலர்களே, தண்ணீர் வராத தெருக்களுக்குப் போக வேண்டிய நேரத்தில் நமக்காக வந்து உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, எனக்குப் பிறகு பேசப்போகும் டாக்டர் தம்பி அவர்களே, ஃபீனிக்ஸ், டோங்காட், ஐசிபிங்கோ என்று தூரம் பார்க்காமல் வந்திருக்கும் சங்கத்துப் பெரியவர்களே, மாதர் குழு அக்காமார்களே, சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்களே, கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே. பொருளாளர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். அவரைத் தனியாகச் சொல்லாவிட்டால் மைக் செட்டுக்குப் பணம் வராது. ஆகவே, பொருளாளர் ஐயா அவர்களே.

அழைப்பிதழில் "இளையோர் மனச்சோர்வும் தற்கொலையும்: காரணங்களும் ஆபத்துகளும்" என்று போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைப் பார்த்தால் யாரும் வரமாட்டார்கள் என்று என் வீட்டில் சொன்னார்கள், மண்டபமோ நிறைந்திருக்கிறது. வீட்டுக்குள் பேச முடியாததை வெளியே யாராவது பேசினால் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. நல்லது. ஐந்து விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். மனச்சோர்வு என்றால் என்ன, குடும்பம், பள்ளிக்கூடம், போதை, போன். தலைவர் இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார், பார்க்கலாம்.

என் ஆயா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் தாத்தாவிடமும் அதைத்தான் சொல்வார், முனிசிபாலிட்டிக்கு மனு எழுதும் அப்பாவிடமும் அதைத்தான் சொல்வார். நான் மேடைக்கு மேடை இதையே சொல்கிறேன் என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும், இன்றைக்கும் சொல்லத்தான் போகிறேன். ஏனென்றால் நாம் பிள்ளை வளர்க்கும் லட்சணத்தைப் பாருங்கள். ஏழு வயதுப் பையன் விழுந்து அழுதால் "ஆம்பளைப் பிள்ளை அழலாமா" என்கிறோம். பெண் அழுதால் "பக்கத்து வீட்டில் கேட்கும், கதவைச் சாத்து" என்கிறோம். பத்து வருஷம் இப்படிப் பழக்கிவிட்டு, பதினேழு வயதில் அந்தப் பிள்ளை வாய் திறக்காதபோது "எங்களிடம் ஏன் சொல்லவில்லை" என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறோம்.

சரி, முதல் விஷயம். மனச்சோர்வும் சோகமும் ஒன்றல்ல. மார்க் குறைந்தால், காதல் முறிந்தால், வளர்த்த நாய் செத்தால் யாருக்கும் சோகம் வரும், கொஞ்ச நாளில் தணியும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாடம் மனம் கனத்து, ஆசையாக ஆடிய கிரிக்கெட்டும் வேண்டாமென்றாகி, ராத்திரி தூக்கம் வராமல் அல்லது பகலெல்லாம் படுத்தே கிடந்து, சோறு இறங்காமல், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருந்தால் அது நோய். இளம் பிள்ளைகளிடம் அது சோகமாகவே தெரியாமல் போகலாம். எரிச்சலாக வரும், எடுத்தெறிந்து பேசுவதாக வரும், டாக்டருக்குப் பிடிபடாத தலைவலி வயிற்றுவலியாக வரும். நாம் அதைத் திமிர் என்கிறோம். சில வீட்டில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் சுற்றுகிறார்கள். சுற்றுங்கள், நான் குறுக்கே வரவில்லை. சுற்றி முடித்துவிட்டு கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். பேசிப் பேசியே குணப்படுத்தும் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கிறது, அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், நாலாம் நாளே "ஒன்றும் பிரயோஜனமில்லை" என்று நிறுத்தக்கூடாது. மிச்சத்தை டாக்டர் தம்பி சொல்வார், அவர் சாப்பாட்டில் நான் கை வைக்க வேண்டாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருஷத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் பேருக்கு மேல் தற்கொலையால் சாகிறார்கள். 15 முதல் 29 வயது வரையானவர்களின் சாவுக்குக் காரணமானவற்றில் அது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலப் பிரச்சினை. இந்தக் கடைசி இரண்டு வரிசையை எண்ணிப் பாருங்கள். வேண்டாம், திரும்பாதீர்கள், பிள்ளைகள் கூச்சப்படுவார்கள்.

காரணம் என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒற்றைக் காரணம் கேட்கிறார்கள். பேப்பர்காரர்களும் "பரீட்சையில் தோற்றதால்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அப்படி ஒரே காரணத்தால் நடப்பது அபூர்வம். ஏற்கெனவே மனச்சோர்வு இருக்கும், வீட்டில் குடியோ அடிதடியோ இருக்கும், பள்ளியில் கேலி இருக்கும், சின்ன வயதில் யாரோ தொடக்கூடாத விதத்தில் தொட்டதை இன்றுவரை சொல்லாமல் வைத்திருக்கும், குடும்பத்தில் முன்பு ஒருவர் அப்படிப் போயிருப்பார், அண்மையில் ஒரு சிநேகிதன் போயிருப்பான். மூட்டைமேல் மூட்டையாக ஏறியிருக்கும்போது கடைசியில் வைத்த சின்ன மூட்டைதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்துக் குறி, முன்பு ஒருமுறை முயன்றிருப்பது. அதைத்தான் நாம் "சும்மா பயமுறுத்துகிறான், நாலு பேர் பார்க்கட்டும் என்று செய்கிறாள்" என்று சொல்லி மூடுகிறோம். நாலு பேர் பார்க்கட்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பாருங்களேன்! அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றால், அழுகிறபோது கொடுக்க வேண்டாமா?

இன்னொன்று. "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று பிள்ளையிடம் நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே புகுத்திவிடுவோம் என்று பயப்படுகிறோம். ஆராய்ந்து பார்த்தவர்கள் அப்படி நடப்பதில்லை என்கிறார்கள். கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள், நமக்கு அதுதான் கஷ்டம்.

இரண்டாவது, குடும்பம். இது புதுசா நமக்கு? 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் வந்து நின்றது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு, பலருக்குக் கூடப்பிறந்தவரும் இல்லை, தன் ஊர்க்காரரும் இல்லை. அந்தக் கரும்புத் தோட்டங்களில் தற்கொலை மிகுதியாக இருந்தது என்று பழைய ஆவணங்களைப் புரட்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். சமூகவியல் படித்த நம்முடைய பாத்திமா மீர் அம்மா டர்பன் நகரத் தற்கொலைகளை இனம் இனமாக எடுத்து ஆராய்ந்து 1976-இலேயே புத்தகம் போட்டார். அதற்குப் பிறகும் இது நம் சனத்துக்கு வராத வியாதி என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு நடுவில் 1950-இல், இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்ற குழுப் பகுதிச் சட்டம் வந்தது. டர்பன் முனிசிபாலிட்டியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் ஒரே குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டும் ஒரே அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டும் இருந்த தமிழ்க் குடும்பங்களை 60-களில் இங்கே கொண்டுவந்து யூனிட் யூனிட்டாகப் பிரித்துப் போட்டார்கள். தாத்தா ஒரு யூனிட், சித்தப்பா ஒரு யூனிட். அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாததைச் சித்தியிடம் சொல்லும் வழி அன்றைக்கு அடைபட்டது. நாமாகத் திறந்தது எதுவென்றால் கோயிலும் அதையொட்டிய மண்டபமும்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

மூன்றாவது பள்ளிக்கூடம். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும், சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு ரிசல்ட் பேப்பரில் பெயரோடு வந்த காலம். விடிவதற்கு முன்பே பெட்ரோல் நிலையத்து வாசலில் சனம் காத்துக் கிடக்கும், கட்டுக்கட்டாகப் பேப்பர் வந்து இறங்கும், பிரித்த வேகத்தில் பாதி கிழியும். எங்கள் தெருவில் ஒரு பஸ் டிரைவர், கோவிந்தர். கோவிந்தர் வீட்டுப் பிள்ளை தேறினானா என்று பார்ப்பது சாமானியமா? பத்தி பத்தியாகக் கோவிந்தர்கள், அப்புறம் நாயுடுகள், அப்புறம் பிள்ளைமார்கள், டெலிபோன் டைரக்டரி தோற்றது. மனுஷன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்து, மகனுடைய முதலெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "பாஸ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவில் விளக்கெல்லாம் எரிந்தது. அவர் மனைவி ஐந்து மணிக்கு எண்ணெய்ச் சட்டி வைத்தார். ஏழு மணிக்கு வடை. எட்டு மணிக்கு, முந்தின நாளே தைரியமாகச் செய்து ஒளித்துவைத்திருந்த பர்ஃபி வெளியே வந்தது, தெரு முழுக்கத் தட்டுப் போனது, எங்கள் வீட்டுக்கு நாலு துண்டு, என் அண்ணன் மூன்றைத் தின்றான். பையன் மட்டும் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பட்டியல் ஒட்டினார்கள். பேப்பரில் இருந்த கோவிந்தர் வேறு கோவிந்தர்.

சிரிக்கிறீர்கள், அன்றைக்கு நாங்களும் சிரித்தோம். அந்த அப்பா திட்டவே இல்லை. ஆனால் ஒரு அத்தை வந்தார், ஒவ்வொரு தெருவிலும் அந்த அத்தை உண்டு, தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் "பர்ஃபி நல்லாதான் இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் பையனைக் காணோம். சாயங்காலம் வரை தேடினோம், ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி, கடற்கரைக்கு ஒரு வண்டி, ஆற்றுப் பக்கம் டார்ச்சோடு நாலு பேர். ராத்திரி பதினொன்றுக்கு எங்கே இருந்தான் தெரியுமா? இதோ, இந்தச் சமையற்கட்டில். மறுநாள் கல்யாணம், அதனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சமையலைப் பார்த்த அக்கா, இருட்டில் சும்மா நிற்கும் பையனைப் பார்த்து, "ஏய் தம்பி, கை சும்மாதானே இருக்கு, வந்து உருளைக்கிழங்கு உரி" என்று கூப்பிட்டிருக்கிறார். யார், என்ன, ஏன் இந்நேரம், எதுவும் கேட்கவில்லை. இரண்டு மூட்டை உரித்தான். மூன்றாவது மூட்டையில் கண்ணீர் வந்துவிட்டது. அக்கா சொன்னார், "வெங்காயத்துப் பக்கம் போய் உட்கார்ந்து அழு, யாருக்கும் தெரியாது." அழுதான். பருப்பும் சோறும் போட்டுக் கொடுத்தார். பிறகு, "காலையில பரிமாற ஆள் குறையுது, வர்றியா?" என்றார். அவ்வளவுதான் புத்திமதி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இனி எங்கேயும் போவதற்கில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் அன்று வீட்டைவிட்டுக் கிளம்பினேன் என்று ரொம்ப வருஷம் கழித்து அந்தக் கோவிந்தர் மகனே என்னிடம் சொன்னார். மறு தேர்வு எழுதினார், எலக்ட்ரீஷியன் ஆனார், இந்த மண்டபத்து விளக்கெல்லாம் அவர் மாட்டியதுதான்.

அன்றைக்கு இந்த மண்டபம் ஏன் திறந்திருந்தது? யாரோ வாடகை கட்டியதால். வெறும் திங்கட்கிழமையாக இருந்திருந்தால் பூட்டுத் தொங்கியிருக்கும். இன்றைக்கும் திங்கள் முதல் வியாழன் வரை பூட்டுத்தான் தொங்குகிறது. ஒரு காலத்தில் இதே நேரத்தில் இங்கே தமிழ்ப் பாடசாலை நடந்தது. பிள்ளைகள் உயிரெழுத்தை உருப்போட்டார்கள், படித்தது பாதி, விளையாடியது பாதி, ஆனால் தன் வீட்டுக்காரரல்லாத ஒரு பெரியவர் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும் இடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருந்தது. பிள்ளையைக் காக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்றென்று மனநலம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், நம்பி அண்டக்கூடிய ஒரு பெரியவர், தான் சேர்ந்தது என்று சொல்ல ஓர் இடம்.

நான் கேட்பது இதுதான். வாரத்தில் நாலு நாள், சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை மண்டபத்தைத் திறங்கள். பிரசங்கம் வேண்டாம், பேனர் வேண்டாம். ஒரு கேரம் போர்டு, தண்ணி ஆட ஒரு சீட்டுக்கட்டு (தண்ணி என்கிற நம்மூர்ச் சீட்டாட்டத்தைச் சொன்னேன் கவுன்சிலர் அம்மா, குழாய்த் தண்ணி அல்ல), வீட்டுப்பாடம் எழுத மேசை, ஒரு பானை டீ. பாட்டிமார் இரண்டு பேர் முறைவைத்து உட்கார்ந்தால் தமிழும் தானாக நடக்கும். இதைச் சொன்னால் கமிட்டியில் வருகிற பதில்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன். கரண்ட் பில். கழிப்பறையை யார் கழுவுவது. ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும். தட்டு காணாமல் போகும். பொருளாளர் ஐயா, போன வருஷக் கணக்கில் தட்டு வாங்கிய செலவைப் பார்த்தேன், பிள்ளைகள் வராமலேயே தட்டு காணாமல்தான் போகிறது.

போதை பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். சுகர்ஸ் என்கிற மலிவு ஹெராயின் கலவை இந்த ஊரில் எத்தனை வீட்டைத் தின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் 15 முதல் 34 வயதுக்குள் வேலை தேடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வேலை இல்லை, காலையில் எழுந்து போக இடமில்லாதவனை எவன் கூப்பிட்டாலும் போவான். நாம் பூட்டி வைத்திருக்கிறோம், விற்கிறவன் எந்நேரமும் திறந்து வைத்திருக்கிறான். ஐந்தாவது விஷயம் போன், தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், அதனால் போன் தப்பித்தது.

முடிக்கிறேன். யாருக்காவது இப்போதே உதவி வேண்டுமென்றால் குறித்துக்கொள்ளுங்கள். சாடாக் என்கிற மனநல உதவி அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. சிறு பிள்ளைகளுக்கு சைல்ட்லைன், 116. கடைசி வரிசைப் பிள்ளைகளே, போன்தான் கையில் இருக்கிறதே, இப்போதே பதிந்து வையுங்கள், உங்களுக்கு இல்லாவிட்டாலும் சிநேகிதனுக்கு ஆகும். யாராவது "செத்துப்போகலாம் போலிருக்கிறது, யாரிடமும் சொல்லாதே" என்று உங்களிடம் சொன்னால் அந்த ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டாம், நம்பும் ஒரு பெரியவரிடம் அன்றே சொல்லுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். பெரியவர்கள், வீட்டில் திறந்து கிடக்கும் மாத்திரை மருந்தெல்லாம் இன்று ராத்திரியே பூட்டுக்குள் போகட்டும், பூட்டு வேண்டியது அதற்குத்தான், மண்டபத்துக்கு அல்ல.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மண்டபத்தைத் திறக்கச் சொல்லி கமிட்டிக்கு விண்ணப்பம். செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுகிறது, கையெழுத்தில்லாமல் நான் போனால் போன தடவை மாதிரி டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், ஆகவே போட்டுவிட்டுப் போங்கள். முறைவைத்து உட்கார முடிந்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் எந்த நாள் என்று எழுதுங்கள். வியாழனுக்கு இன்னும் ஆள் இல்லை. சமோசா டாக்டர் பேசி முடித்த பிறகுதான், அதற்கு முன் யாரும் எழுந்துவிடாதீர்கள். டாக்டர் தம்பி, வாருங்கள்.