குழந்தைப்பேறுக்கான பரிசோதனைகள்: யாருக்கு முதலில், எந்த வரிசையில்?

[திரையில் தலைப்பு. மருத்துவமனைக் காத்திருப்புப் பகுதி. மடியில் கோப்புடன் ஒரு தம்பதி.]

வணக்கம். திருமணமாகிச் சில மாதங்கள் ஆவதற்குள்ளாகவே "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற விசாரிப்பு தொடங்கிவிடுகிறது. மருத்துவம் வகுத்திருக்கும் கால அளவோ வேறு. கருத்தடை முறை எதையும் பின்பற்றாமல், சீரான தாம்பத்திய உறவில் இருக்கும் தம்பதிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 இணையர் ஓராண்டுக்குள் கருத்தரித்துவிடுகிறார்கள். ஆகவே மனைவிக்கு 35 வயது ஆகவில்லை என்றால் ஓராண்டு முயன்ற பிறகும், 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதம் முயன்ற பிறகும் பரிசோதனைக்குச் செல்வது முறை. 40 வயதைத் தொட்டவர்கள் காத்திருக்கவே வேண்டியதில்லை.

இந்த ஓராண்டுக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மட்டுமே மாதவிடாய் வருபவர்கள், மாதவிடாயின்போது தாங்க முடியாத வலி உள்ளவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள், சினைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், விரை இறங்காமல் சிறு வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுத்தவர்கள் ஆகியோர் முன்கூட்டியே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்த்து ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் ஊருக்கு வருகிறார் என்றால், திருமணமாகி மூன்றாண்டு கடந்திருந்தாலும் முயன்ற காலம் மூன்று மாதங்கள்தான். மருத்துவரிடம் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது கணக்கையே.

[திரையில்: மருத்துவரின் மேசை, எதிரே இரண்டு நாற்காலிகள்.]

முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சில் கழியும். கணவன், மனைவி இருவரும் அதில் இருக்க வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சி எத்தனை நாள், உறவு எவ்வளவு இடைவெளியில் நிகழ்கிறது, அதில் வலியோ விறைப்புத்தன்மைக் குறைபாடோ உண்டா, முன்பு கரு கலைந்திருக்கிறதா, என்னென்ன மாத்திரைகள் எடுக்கிறார்கள், புகை, மது பழக்கம் உண்டா என்று கேள்விகள் வரும். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ பரிந்துரைத்த டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆண்மையைப் பெருக்கும் என்று நம்பிப் போடப்படும் அந்த ஊசி, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. மாமியாரோ அம்மாவோ உடன் வந்திருந்தால், இந்தப் பேச்சு முடியும்வரை அவர்களை வெளியே காத்திருக்கச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவர்கள் முன்னிலையில் கிடைக்கும் பதில்களில் பாதி, மருத்துவருக்கு உதவாதவை.

இனிப் பரிசோதனைகளுக்கு வருவோம். நம் குடும்பங்களில் வழக்கமாக நடப்பது இதுதான்: மனைவிக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மாதக்கணக்கில் மாத்திரைகள், கருக்குழாய் பரிசோதனை என எல்லாம் முடிந்த பிறகே கணவரின் முறை வருகிறது. குழந்தையின்மைக்கான காரணங்களில் ஏறத்தாழ பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. ஆணுக்கான அடிப்படைப் பரிசோதனை வலியற்றது, செலவு குறைந்தது, உடலுக்குள் எந்தக் கருவியையும் செலுத்தாதது. அதைக் கடைசிக்குத் தள்ளுவதற்கு மருத்துவக் காரணம் ஒன்றுகூடக் கிடையாது. முதல் வாரத்திலேயே அதை முடித்துவிட வேண்டும்.

[திரையில்: ஆய்வகம், நுண்ணோக்கி, மாதிரிக் குப்பி.]

விந்துப் பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் முதல் ஏழு நாள்வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் எண்ணிக்கை குறையும். அதற்கு மிகுந்தால் அசைவு குறையும். ஆய்வகத்தை ஒட்டிய தனியறையில், சுய இன்பத்தின் மூலம், அவர்கள் தரும் குப்பியில் மாதிரியைச் சேகரிப்பதே சிறந்தது. எண்ணெய், சோப்பு, எச்சில், சாதாரண ஆணுறை ஆகிய எதையும் பயன்படுத்தக் கூடாது; அவை விந்தணுவின் அசைவைக் கெடுக்கும். வீட்டில் சேகரிக்க அனுமதித்தால், ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூடு படும்படி சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முதலில் வெளிவரும் பகுதியில்தான் விந்தணுக்கள் அதிகம் என்பதால், அது சிந்திவிட்டால் மறைக்காமல் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், இல்லாத குறைபாடு ஒன்று அறிக்கையில் ஏறிவிடும்.

அறிக்கையில் உள்ள எண்களைப் படிக்கும்போதுதான் பலர் கலங்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின் ஆறாம் பதிப்பின்படி, கீழ் எல்லை அளவுகள் இவை: விந்தின் அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் விந்தணுக்கள் 1 கோடியே 60 லட்சம், மொத்தம் 3 கோடியே 90 லட்சம், அசையும் விந்தணுக்கள் 42 சதவீதம், அவற்றில் முன்னோக்கி நீந்துபவை மொத்தத்தில் 30 சதவீதம், சரியான வடிவம் கொண்டவை 4 சதவீதம். 96 சதவீதம் வடிவம் பிசகியிருந்தாலும் இயல்பு என்றுதான் பொருள். இந்த எல்லைகள், ஓராண்டுக்குள் இயற்கையாகத் தந்தையான ஆண்களின் மாதிரிகளை ஆராய்ந்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் எங்கே நின்றார்கள் என்பதைக் கொண்டு வகுக்கப்பட்டவை. ஆகவே எல்லைக்குக் கீழே இருப்பவர் தந்தையாக முடியாது என்றும் இல்லை; மேலே இருப்பவர் கட்டாயம் ஆகிவிடுவார் என்றும் இல்லை.

ஒரே ஓர் அறிக்கையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகிறது. அந்த இடைவெளியில் வந்துபோன ஒரு கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். குறை தென்பட்டால் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்ப்பது வழக்கம். மிகக் கடுமையான குறை என்றால் விரைவாகவே பார்ப்பார்கள். விந்தணுவே இல்லை என்று வந்தாலும் கதவு மூடிவிடவில்லை. உற்பத்தி இல்லையா, உற்பத்தியாகியும் வழியில் அடைப்பா என்பதை உடல் பரிசோதனை, ஹார்மோன் அளவுகள், மரபணுப் பரிசோதனைகள் ஆகியவை பிரித்துக் காட்டும். அடைப்பு என்றால் பெரும்பாலும் விரையிலிருந்தே விந்தணுவை எடுக்க முடியும்.

[திரையில்: நாட்காட்டி, மாதவிடாயின் முதல் நாள் வட்டமிடப்பட்டுள்ளது.]

மனைவிக்கான பரிசோதனைகளில் நாள் கணக்கு முக்கியம். இரத்தப்போக்கு முழுமையாகத் தொடங்கும் நாளே முதல் நாள். அதற்கு முன் தெரியும் கறை கணக்கில் சேராது. இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., எஸ்ட்ராடியோல் ஆகிய ஹார்மோன்களுக்கு இரத்தம் எடுப்பார்கள். தைராய்டை எந்த நாளிலும் பார்க்கலாம். ஹீமோகுளோபின், சர்க்கரை, இரத்த வகை, ரூபெல்லா எனும் அம்மை வகைக்கான எதிர்ப்புத்திறன், தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு போன்றவை வரப்போகும் கர்ப்பத்துக்கான முன்னேற்பாடுகள். ரூபெல்லா எதிர்ப்புத்திறன் இல்லை என்றால் தடுப்பூசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.

ஏ.எம்.ஹெச். என்ற பரிசோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று அதிகம் பயமுறுத்தும் எண் அதுதான். சினைப்பையில் எஞ்சியுள்ள முட்டைகளின் எண்ணிக்கையை அது தோராயமாகக் காட்டுகிறது. முட்டைகளின் தரத்தைக் காட்டுவதில்லை. தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வயது. 30 முதல் 44 வயதுவரை உள்ள, குழந்தையின்மை வரலாறு இல்லாத பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஏ.எம்.ஹெச். குறைவாக இருந்தவர்கள் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பில் மற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை. ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய் முறைக்கு ஊசி போட்டால் எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று கணிக்க அந்த எண் உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது பிழை. "ஏ.எம்.ஹெச். குறைவு, உடனே ஐ.வி.எஃப். செய்தாக வேண்டும்" என்று 26 வயதுப் பெண்ணிடம் அந்த ஒரு தாளை மட்டும் காட்டி யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். அலகையும் பாருங்கள்: நானோகிராம் கணக்கில் 1 என்பது பிக்கோமோல் கணக்கில் ஏறத்தாழ 7. இரண்டு நாடுகளில் எடுத்த அறிக்கைகளை ஒப்பிடுபவர்கள் இதில் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது உள்வழி ஸ்கேன். சிறுநீரைக் கழித்துவிட்டு, மெல்லிய கருவியைப் பிறப்புறுப்பின் வழியே செலுத்திப் பார்ப்பார்கள். சிறு அழுத்தம் இருக்கும். வலி இருக்கக் கூடாது, இருந்தால் நிறுத்தச் சொல்லலாம். கருப்பையின் அமைப்பு, நார்க்கட்டி, சினைப்பையில் உள்ள சிறு முட்டைப் பைகளின் எண்ணிக்கை ஆகியவை இதில் தெரியும். ஸ்கேனில் நீர்க்கட்டிகள் தெரிந்தாலே பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை ஹார்மோன் கோளாறு என்று முடிவு கட்டிவிட முடியாது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் அந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

முட்டை வெளியாகிறதா என்பதை அறிய ஒன்பது, பத்தாம் நாளிலிருந்து ஒருநாள்விட்டு ஒருநாள் எடுக்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன் இங்கே பரவலாக இருக்கிறது. முட்டைப்பை நாளுக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்ந்து, 18 முதல் 24 மில்லிமீட்டர் அளவில் வெடிக்கும். சிகிச்சை எடுப்பவர்களுக்கு இது பயன்படும். மாதந்தோறும் தவறாமல் 28 நாளில் மாதவிடாய் வரும் பெண்ணுக்கு, முட்டை வெளியாவதை உறுதிசெய்ய புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கான ஓர் இரத்தப் பரிசோதனையே போதும். மாதக்கணக்கில் வேலைக்கு விடுப்புப் போட்டு ஸ்கேன் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இந்த இரத்தப் பரிசோதனைக்கு 21ஆம் நாள் என்று சீட்டில் எழுதியிருந்தாலும், உண்மையில் அது அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முந்தைய நாள். சுழற்சி 35 நாள் என்றால் 28ஆம் நாளில்தான் எடுக்க வேண்டும்.

[திரையில்: கருப்பை, கருக்குழாய்களின் வரைபடம், சாயம் பரவும் அசைவு.]

பெண்கள் அதிகம் அஞ்சுவது எச்.எஸ்.ஜி. எனப்படும் கருக்குழாய் எக்ஸ்ரேக்குத்தான். கணவரின் விந்துப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகே இதற்கு நாள் குறிக்க வேண்டும். அங்கே பெரும் குறை இருந்து, சிகிச்சையே வேறு திசையில் செல்லும் என்றால், இந்த வலியைப் பட வேண்டிய தேவை சில நேரங்களில் இல்லாமலே போய்விடும். இரத்தப்போக்கு நின்ற பிறகும் முட்டை வெளியாவதற்கு முன்பும், அதாவது ஆறாம் நாளிலிருந்து பதினொன்றாம் நாளுக்குள் இதைச் செய்வார்கள். அந்தச் சுழற்சியில் பரிசோதனை முடியும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். அயோடின் ஒவ்வாமை, தைராய்டு கோளாறு, புதிதாகத் தோன்றிய வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் முன்பே சொல்லுங்கள். வலி மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மேசையில் படுத்ததும் கருப்பை வாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயத்தை மெதுவாக ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். பத்து நிமிடங்களில் முடிந்துவிடும். சாயம் ஏறும் அந்த ஓரிரு நிமிடங்களில் மாதவிடாய் வலி போன்ற இறுக்கம் வரும். சிலருக்கு அது லேசானது, சிலருக்குக் கடுமையானது. இரண்டுமே இயல்பு. "ஒன்றும் தெரியாது" என்று சொல்லி அனுப்புவதைவிட இதை உள்ளபடி சொல்லி அனுப்புவதே பெண்களுக்கு உதவும். உடன் ஒருவர் வரட்டும். ஓரிரு நாள் கறை படலாம். காய்ச்சலோ கூடிக்கொண்டே போகும் வலியோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கருப்பையை ஒட்டிய முனையில் இரண்டு குழாய்களும் அடைத்துள்ளன என்று அறிக்கை வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். வலியால் குழாயின் தசை சுருங்கிக்கொண்டாலும் அடைப்புப் போலவே தெரியும். மறுபரிசோதனையோ, வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோபியோ அதை உறுதிசெய்யும். இந்தப் பரிசோதனைக்குப் பிறகு சிலர் இயற்கையாகவே கருத்தரிக்கிறார்கள் என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், எண்ணெய் கலந்த சாயம் ஏற்றப்பட்டவர்களில் 39.7 சதவீதத்தினரும், நீர் கலந்த சாயம் ஏற்றப்பட்டவர்களில் 29.1 சதவீதத்தினரும் ஆறு மாதங்களுக்குள் கர்ப்பமடைந்திருந்தார்கள்.

லேப்ராஸ்கோபி எல்லோருக்கும் உரியதல்ல. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை என்பதால், கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் பற்றிய ஐயமோ குழாய்களில் நீர் தேங்கிய அடையாளமோ இருந்தால்தான் அதற்குச் செல்வார்கள். நம் நாட்டில் கருக்குழாய்ச் சேதத்துக்குப் பிறப்புறுப்புக் காசநோயும் ஒரு காரணம். இருமலோ காய்ச்சலோ இல்லாமலே அது இருக்கக்கூடும் என்பதால், கருப்பையின் உட்படலத்திலிருந்து சிறு திசு எடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

[திரையில்: அறிக்கைகள் ஒவ்வொன்றாக ஒரு கோப்பில் சேர்கின்றன.]

எல்லாம் இயல்பு என்று முடிவு வருவதும் உண்டு. பரிசோதித்த தம்பதிகளில் 15 முதல் 30 சதவீதத்தினருக்குக் காரணம் எதுவும் புலப்படுவதில்லை. முட்டையின் தரத்தையோ, முட்டையும் விந்தணுவும் சேரும் நிகழ்வையோ இந்தப் பரிசோதனைகள் எதுவும் நேரில் பார்ப்பதில்லை என்பதே அதற்கு ஒரு காரணம். மனைவியின் வயது குறைவாக இருந்தால் மேலும் சில மாதங்கள் இயற்கையாக முயல்வது இந்நிலையில் நியாயமான தேர்வு. 35 வயதைக் கடந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பைச் சுருக்கச் சொல்வார்கள்.

சிகிச்சைக்குச் செல்வதாக முடிவானால், அந்த மையம் செயற்கைக் கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. மையம் மாறும்போது எச்.எஸ்.ஜி. படங்களின் மூலப் பிரதி, விந்துப் பரிசோதனை அறிக்கைகள், இரத்தம் எடுத்த நாள் மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் கோப்பில் இருக்கட்டும். அவை இருந்தால் புதிய மருத்துவர் அதே எக்ஸ்ரே மேசையில் மறுபடியும் படுக்கச் சொல்வதற்கான தேவை பெரும்பாலும் எழாது.