மூட்டு வலிக்கும் நாய்க்கு என்ன கொடுக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

வயதான நாயை என்னிடம் கூட்டிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது இதுதான்: "டாக்டர், எந்திரிக்கவே சிரமப்படுறான். மாத்திரை வேண்டாம், இயற்கையா ஏதாவது சத்து இருந்தா சொல்லுங்க." நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் நான் அந்த நாயின் விலாவைத் தடவிப் பார்ப்பேன்.

அதை நீங்களே வீட்டில் செய்யலாம். ஒரு கையை விரித்து மேசைமேல் வைத்து, புறங்கையை மற்ற கையின் விரல்களால் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படுகிறதா? நாயின் விலா எலும்பும் அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. உள்ளங்கையைத் தடவுவதுபோல மெத்தென்று இருந்தால் நாய் குண்டாக இருக்கிறது. நம் ஊர் லேப்ரடார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. காலையில் பாலும் ரஸ்க்கும், மத்தியானம் சோறு, ராத்திரி மிச்சம் வந்த பரோட்டாவும் சால்னாவும். வேறு எப்படி இருக்கும்? சால்னாவில் இருக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பது தனிக் கதை.

அமெரிக்காவில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். சோடி சோடியாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியிலும் ஒரு நாய்க்கு மட்டும் 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. இதற்கு இணையான சத்துப் பவுடர் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. அந்த நாய்களுக்கு விலா லேசாகத் தெரியத்தான் செய்யும், அது அவற்றின் வாகு. "சோறே போடுறதில்லையா?" என்று தெருவில் கேட்பார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சரி, சத்துக்கு வருவோம். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது சத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதுவும் நடக்க நடக்கத்தான். தேய்ந்துபோனதை எந்த உணவும் திரும்ப வளர்த்துவிடாது. உணவால் முடிவது அங்கே இருக்கும் அழற்சியையும் வலியையும் கொஞ்சம் தணிப்பது. அதற்கு ஓரளவு நம்பகமான ஆதாரம் இருப்பது மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 என்கிற கொழுப்புச் சத்துக்குத்தான்.

மருந்துக்கடையில் மீன் எண்ணெய் வாங்கினால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். சாதாரண ரகத்தில் நமக்குத் தேவையான இரண்டு ஒமேகா-3 வகைகளான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக மொத்தம் 300 மில்லிகிராம்தான் இருக்கும். மிச்சமெல்லாம் வேறு கொழுப்பு. எனவே எத்தனை மாத்திரை என்பதை நாயின் எடையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும், ரத்தம் உறைவதும் தாமதமாகலாம். காட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் காட் லிவர் எண்ணெயை இதற்குப் பதிலாக ஊற்றாதீர்கள், அதில் வைட்டமின் ஏயும் டியும் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். ஆளி விதையும் சரிவராது. அதில் உள்ள ஒமேகா-3ஐ நாயின் உடம்பு இ.பி.ஏ., டி.எச்.ஏ.வாக மிகக் கொஞ்சமாகத்தான் மாற்றும்.

எனக்குப் பிடித்த வழி சாளை மீன். மத்தி என்றும் சொல்வோம். மதுரையில் கரிமேட்டு மீன் சந்தைப் பக்கம் போனால் வஞ்சிரத்தின் விலையில் கால்வாசிகூட இருக்காது. தலையையும் குடலையும் நீக்கி, உப்பு, மிளகாய், புளி எதுவும் சேர்க்காமல் குக்கரில் வேகவையுங்கள். முள்ளை விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், அதுவரைக்கும் விசில் விடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், மீனின் எண்ணெய் கொஞ்சம் அதில் மிதக்கும். மீன் வைக்கிற அன்று அதற்கேற்பச் சோற்றைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் எடை ஏறி எல்லாம் வீணாகிவிடும். பொரித்த மீன் வேண்டாம். கருவாடு வேண்டவே வேண்டாம், அத்தனையும் உப்பு. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதற்குள் சலித்துப்போகாதீர்கள்.

ஆட்டுக்கால் சூப் பற்றிக் கேட்காதவர் இல்லை. வெங்காயம், பூண்டு, உப்பு போடாமல் கொழுப்பை எடுத்துவிட்டுக் கொடுத்தால் நாய் சந்தோஷமாகக் குடிக்கும், கெடுதல் இல்லை. ஆனால் அந்தக் குருத்தெலும்பு நேராகப் போய் மூட்டில் ஒட்டிக்கொள்ளாது. வயிற்றில் மற்ற புரதம் மாதிரியே செரித்துவிடும். மஞ்சள் தூள் கொடுத்தாலும் அதன் சத்து ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. பச்சைப் பிரண்டை நாக்கை அரிக்கும், நாயிடம் திணிக்காதீர்கள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் குளுக்கோசமைன் மாத்திரைகளில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வாங்கித்தான் பார்ப்பேன் என்றால் இரண்டு மூன்று மாதம் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் காசை மிச்சப்படுத்துங்கள்.

சின்ன வயது நாய் திடீரென்று நொண்டினால் இந்தப் பேச்சே பொருந்தாது. நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம், அதிலும் மூட்டு வீங்கி வலிக்கும். ரத்தப் பரிசோதனைதான் முதலில், மீன் அப்புறம்.

அப்புறம், வழுவழுப்பான கிரானைட் தரை. மேலூர்க் கல் பார்க்க அழகுதான், ஆனால் பின்னங்கால் பலமிழந்த நாய் அதில் வழுக்கி வழுக்கி எழுந்திருப்பதைப் பாருங்கள். படுக்கிற இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும் சாக்கு விரித்தால் போதும்.

கடைசியாக ஒன்று. வலி தாங்காமல் கத்துகிறதே என்று வீட்டில் இருக்கும் இப்யூபுரூஃபனையோ டைக்ளோஃபெனாக்கையோ கொடுத்துவிடுகிறார்கள். இரைப்பையில் புண் வரும், சிறுநீரகம் செயலிழக்கும். பாராசிட்டமாலும் கல்லீரலைக் கெடுக்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், வாந்தி வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். வணக்கம்.