மீட்பு வண்டியில் மரக்கட்டைக்கு என்ன வேலை?

அனைவருக்கும் வணக்கம்.

மீட்புப் படையின் கனரக வண்டியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். இரும்பை வெட்டும் கருவியைப் பற்றிச் சொல்வேன் என்று பலரும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் இன்று நான் அதிக நேரம் பேசப்போவது, அந்த வண்டியின் கீழ் அறையில் அடுக்கிக் கிடக்கும் மரக்கட்டைகளைப் பற்றித்தான்.

தீயணைப்பு வண்டி தண்ணீரைக் கொண்டு வருகிறது. ஆம்புலன்ஸ் நோயாளியைக் கொண்டு போகிறது. கனரக மீட்பு வண்டி கருவிகளைச் சுமந்து வருகிறது. இவற்றில் பலவற்றில் தண்ணீர்த் தொட்டியே கிடையாது. சட்டென்று பார்த்தால் ஒரு பெரிய பெட்டி லாரி. ஷட்டரைத் தூக்கினால் உள்ளே ஜெனரேட்டர், விளக்குக் கம்பம், வின்ச், கயிறுகள், கப்பிகள், வாயு அளக்கும் கருவி, மூச்சுக் கருவிகள் எல்லாம் இருக்கும்.

இதற்கென்று தனிப் படை, தனி வண்டி என்ற ஏற்பாட்டுக்கு வயது நூறுக்கு மேல். நியூயார்க் தீயணைப்புத் துறை 1915இல் தன் முதல் மீட்புப் பிரிவைத் தொடங்கியபோது, அவர்கள் ஏறிப் போனது ஒரு காடிலாக் காரில். புகைக்குள் மூச்சு விட உதவும் கவசமும் இரும்பை அறுக்கும் வாயுச் சுடர் கருவியும் அதில் இருந்தன. 1928இல் வர்ஜீனியாவின் ரோனோக் நகரில் ஜூலியன் வைஸ் என்ற ரயில்வே ஊழியர், உடன் வேலை பார்த்தவர்களைச் சேர்த்துக்கொண்டு தன்னார்வ மீட்புப் படை ஒன்றைத் தொடங்கினார். சிறுவயதில் ஆற்றில் இருவர் மூழ்கி இறந்ததைக் கரையிலிருந்து பார்த்தவர் அவர். உதவ நினைத்தவர்கள் எத்தனையோ பேர் கரையில் நின்றிருப்பார்கள். பயிற்சியும் கருவியும்தான் அவர்களிடம் இல்லை.

சரி, வெட்டும் கருவிக்கு வருவோம். 1970களின் தொடக்கம் வரை, நசுங்கிய காரிலிருந்து ஆளை எடுக்க ரம்பமும் கடப்பாரையும்தான். ரம்பம் பொறி பறக்கவிடும். கீழே பெட்ரோல் கசிந்திருக்கும். பந்தயக் கார்களில் சிக்கும் ஓட்டுநர்களுக்காக ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் ஹைட்ராலிக் விரிப்பானை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் நசுங்கிய தகட்டை விரித்துத் திறக்கும் கருவியை, உருவாக்கினார். பிறகு அது எல்லாச் சாலைகளுக்கும் வந்தது. இன்றைய கருவிகள் சுமார் 700 பார் அழுத்தத்தில் இயங்குகின்றன. ஒரு கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார்தான். இப்போது பேட்டரியில் ஓடும் வகைகளும் நிறைய வந்துவிட்டன. குழாயை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை, இன்ஜின் இரைச்சலும் இல்லை. சிக்கிக் கிடப்பவரின் குரல் நம் காதில் விழுகிறது. அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் கார்களும் மாறிவிட்டன. கதவுத் தூண்களில் போரான் எஃகு என்ற மிக உறுதியான எஃகை வைக்கிறார்கள். பழைய கட்டர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். தூணுக்குள்ளேயே ஏர்பேக்கை ஊதும் வாயு உருளை ஒளிந்திருக்கும். அதனால் உள்பக்க உறையைப் பிய்த்துப் பார்க்காமல் வெட்டக் கூடாது. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறக் கேபிளைக் கண்டால் கட்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது. அதில் 400 வோல்ட், சில கார்களில் 800 வோல்ட்கூட இருக்கும்.

இனி மரக்கட்டை. ஒரு கார் பக்கவாட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, உள்ளே ஒருவர் சீட் பெல்ட்டில் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது நாலு பேர் சேர்ந்து காரை நிமிர்த்திவிடலாம் என்பதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். முதுகெலும்பில் அடிபட்டவரை அந்த ஒரு புரட்டலே முடக்கிவிடலாம். மீட்புப் படை வந்ததும் கார் எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஆப்பும் கட்டையும் செருகி, அண்டை கொடுத்து, முட்டுக்கால் ஊன்றி, அசையாமல் நிறுத்துகிறது. அதற்குப் பிறகுதான் கட்டர் வெளியே வரும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இந்த நிமிடங்கள் வீணாவதுபோல் தெரியும். என்னைக் கேட்டால், மீட்பின் பாதி வேலை அப்போதே முடிந்துவிடுகிறது.

கட்டையை அடுக்குவதிலும் முறை உண்டு. இரண்டு கட்டை இப்படி, அதன்மேல் இரண்டு கட்டை குறுக்கே என்று பெட்டிபோல் அடுக்குவோம். மேலும் கீழும் கட்டைகள் தொடுகிற நான்கு இடங்களில்தான் சுமை இறங்கும். நாலங்குல மென்மரக் கட்டைகளில் இப்படி ஒழுங்காகப் போட்ட அடுக்கு ஏறக்குறைய 11 டன் தாங்கும். கட்டையின் முனை ஒரு கட்டை அகலத்துக்காவது வெளியே நீண்டிருக்க வேண்டும். விளிம்போடு நிறுத்தினால் முனை பிளந்து அடுக்கு சரியும். அடுக்கின் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உயர்த்துவதில்லை. சுமை ஆடக்கூடியதென்றால் அதுவும் அதிகம்.

உறுதியான கடின மரத்தை விட்டுவிட்டு ஏன் பைன், ஃபர் போன்ற மென்மரம்? கடின மரம் தாங்கும் வரை தாங்கிவிட்டு எந்த அறிகுறியும் இல்லாமல் பட்டென்று உடையலாம். மென்மரம் முதலில் நசுங்கும், முனகும், படபடவென்று ஓசை கொடுக்கும். அந்த ஓசை கேட்டால் கையை வெளியே எடுக்க நேரம் இருக்கிறது. அதே காரணத்துக்காகக் கட்டையின் உடம்புக்கு வர்ணம் பூசுவதில்லை. பூசினால் விரிசல் மறைந்துபோகும், வழுக்கவும் செய்யும். எந்த நீளக் கட்டை என்று தெரிய முனையில் மட்டும் நிறம்.

லாரிக்கு அடியில் ஒருவர் சிக்கியிருந்தால் காற்றுப் பைகள் வேண்டும். தட்டையான ரப்பர் பை, குறுகிய இடுக்கில்கூட நுழையும். முப்பது சென்டிமீட்டர் சதுரப் பைக்கு 8 பார் காற்றுக் கொடுத்தால் கணக்குப்படி ஏழு டன் தூக்கும். ஆனால் பை உப்ப உப்ப அதன் நடுப்பகுதி மட்டுமே சுமையைத் தொடுகிறது. தொடும் பரப்பு குறையும்போது தூக்கும் வலுவும் குறைகிறது. பை நழுவலாம், கிழியலாம். அதனால் ஓர் அங்குலம் தூக்கினால் ஓர் அங்குலம் கட்டை செருகு என்பதை ஒவ்வொரு பயிற்சியிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறோம். தூக்குவது பை, விழாமல் பிடித்திருப்பது கட்டை.

டாஷ்போர்டு இறங்கி ஓட்டுநரின் கால் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். தூணின் அடியில் ஒரு வெட்டுப் போட்டு, ராம் என்ற, தண்டுபோல் நீண்டு தள்ளும் ஹைட்ராலிக் கருவியால் டாஷ்போர்டை முன்னால் தள்ளுவோம். வெட்டின் வாய் மெல்லத் திறக்கும். அந்த வாயில் ஆப்பைச் செருகாமல் ராமை எடுத்தால் தகடு திரும்பி வந்து அதே காலை மறுபடியும் பிடிக்கும்.

அவசரப்படாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொடையோ இடுப்போ நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால், சிதைந்த தசையில் பொட்டாசியம் தேங்கியிருக்கும். பாரத்தைச் சட்டென்று எடுத்தால் அது ரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடலாம். எனவே விடுவிப்பதற்கு முன்பே மருத்துவப் பணியாளர் சலைன் ஏற்றத் தொடங்குகிறார். வெட்டுபவரும் வைத்தியம் பார்ப்பவரும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்கிறேன். புதிய கட்டர் வாங்க நன்கொடை கேட்டால் மகிழ்ச்சியாகக் கொடுக்கிறார்கள். அதில் பெயர் பொறிக்கலாம், படம் எடுக்கலாம். தேய்ந்த கட்டைகளை மாற்றவும், பைகளைச் சோதிக்கவும், மாதாமாதம் பழைய கார் ஒன்றை வைத்து ராத்திரியில் பயிற்சி நடத்தவும் பணம் கேட்டால் தயங்குகிறார்கள். ஆனால் இருட்டில், மழையில், எந்த ஷட்டருக்குள் எந்தப் பொருள் என்று கை தானாகப் போக வேண்டுமானால் அந்தப் பயிற்சி வேண்டும். முதல் ஆதரவு அதற்குத்தான் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

வண்டியை வெளியே நிறுத்தியிருக்கிறோம், இரண்டு பக்க ஷட்டரும் திறந்திருக்கிறது. கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் முன்வந்தால் கட்டைகளை அவர்கள் கையாலேயே அடுக்க வைத்து, அதன்மேல் வண்டியின் ஒரு சக்கரத்தை ஏற்றிக் காட்டுகிறோம்.