பின்வளவில் இருக்கும் வெளிநாடு

(மட்டக்களப்பில், ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தரும் ஒரு சமுதாயக் கல்லூரியின் சான்றிதழ் வழங்கும் விழாவில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன். இருமியதையும் தண்ணீர் குடித்ததையும் மட்டும் விட்டுவிட்டேன்.)

விழாத் தலைவர் அவர்களே, குத்துவிளக்கை ஏற்றிவிட்டு அடுத்த கூட்டத்துக்கு ஓடாமல் இன்னும் முன்வரிசையில் இருக்கிற பிரதம விருந்தினர் அவர்களே (இது எங்கள் மாவட்டத்தில் அபூர்வம், அதற்கே ஒரு கைதட்டல் கொடுக்கலாம்), ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, கல்லூரி அதிபர் அவர்களே, போதனாசிரியர்களே, காத்தான்குடி தொடங்கி களுவாஞ்சிக்குடி வரையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிற தாய் தந்தையரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். பொன்னாடைக்கு நன்றி. இந்த வெயிலுக்கு ஒரு துவாய் தந்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். சமையல் பிரிவுப் பிள்ளைகள் பொரிக்கிற ரோல்ஸின் மணம் மேடைவரை வருகிறது. அதனால் நீட்டமாட்டேன்.

எனக்குத் தந்த தலைப்பு, 'சமுதாயக் கல்லூரிக்குச் சர்வதேசப் பரிமாணம்'. மூன்று விடயம் சொல்கிறேன். ஒன்று, வெளிநாட்டுக் கல்லூரிகளோடு தொடர்பு. இரண்டு, மொழி. மூன்று, கொஞ்சம் பொறுங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சர்வதேசம் மட்டக்களப்புக்குப் புதுச் சரக்கு இல்லை. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் இந்த வாவிக்கரைக்கு வந்தார். அடுத்த வருடமே இறந்துபோனார். ஒரு வருடம்கூடச் சரியாக இருக்காதவர் தொடங்கிய கல்விப் பணிதான் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றைக்கும் நிற்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து போனவரும் உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். அங்கே அந்தப் பதவியில் இருந்த முதல் ஆள் அவர்தான். ஒருவர் வந்தார், ஒருவர் போனார். இரண்டு பேரும் வெறுங்கையோடு போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெறுங்கை முழம் போடுமா? என் அம்மம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் பழமொழி இது. இன்றைக்கு நானும் சில தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் விடயம். அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில் 1901இல் இப்படி ஒரு கல்லூரி தொடங்கினார்கள். இன்றைக்கு அந்த நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள். பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் இந்த வழியில் இறங்கியது. இவர்களோடு நாமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்யலாம் என்பார்கள். செய்யலாம்தான். கையெழுத்துப் போடுவோம், கைகுலுக்குவோம், படம் எடுப்போம், கோப்பு அலுமாரிக்குள் போகும். பிறகு கரையான் அதைச் சர்வதேசத் தரத்தில் சாப்பிடும். அந்தப் பக்கத்துக்காரர் "உங்களிடம் என்ன இருக்கிறது, நாங்கள் என்ன கற்றுக்கொள்ளலாம்?" என்று கேட்டால் நாம் என்ன காட்டுவது? வெறுங்கை முழம் போடுமா?

இங்கேதான் எனக்குச் சுவீடன் ஞாபகம் வருகிறது. அங்கே மால்மோ என்ற நகரத்தில் 1998இல் புதிதாக ஒரு உயர்கல்வி நிறுவனம் தொடங்கினார்கள். புதிது என்பதால் வெளிநாட்டுத் தொடர்பு எதுவும் இல்லை, பிள்ளைகளை அனுப்ப இடமில்லை. அதன் வெளிநாட்டு விவகாரங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெங்ட் நில்சன் என்ன செய்தார்? ஊரைச் சுற்றிப் பார்த்தார். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய சனம் அந்த ஊர் முழுக்க இருந்தது. வெளிநாட்டைத் தேடி ஏன் விமானம் ஏறவேண்டும், அடுத்த தெருவிலேயே இருக்கிறதே என்றார். 'வீட்டிலிருந்தபடியே சர்வதேசமயம்' என்ற கருத்து 1999இல் அவரிடமிருந்துதான் வந்தது. பின்னால் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதை எடுத்துக்கொண்டன. நான் ஒளித்துவைத்த மூன்றாவது விடயம் இதுதான்.

மால்மோவுக்கு வெளிநாட்டுக்காரர் வந்து குடியேறினார்கள். நம் ஊருக்கு வெளிநாடு போனவர்கள் திரும்பி வந்து குடியிருக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். கட்டார், குவைத், சவுதி, டுபாய், கொரியா. கிராமத்துக்குக் கிராமம் இருக்கிறார்கள்.

எனக்கு ஒரு மச்சான் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம். எங்கள் பின்வளவில் வீடு. பன்னிரண்டு வருடம் கட்டாரில் ஏசி வேலை. வந்து ஆறு மாதம் சும்மா இருந்தார். வேலி கட்டினார், கோழி வளர்த்தார், கோழியைக் கீரி தின்றது. அக்காவின் அரிகண்டம் தாங்காமல் கடற்கரைப் பக்கத்து ஒரு ஹோட்டலுக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனார். வெள்ளைச் சேர்ட், என்னிடம் இரவல் வாங்கியது. இன்னும் திருப்பித் தரவில்லை.

உள்ளே ஒரு தம்பி இருந்தாராம், மிஞ்சினால் இருபத்தைந்து வயது. "அண்ணன், சேர்ட்டிபிகேட் இருக்கா?" மச்சான் கம்பனி அட்டையைக் கொடுத்தார். மூலை உடைந்தது, காலம் முடிந்தது, பாதி அரபு. தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அந்த நேரம் அட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர். மேலே ஏசி ஒழுகுகிறது. பக்கத்தில் ஒரு வாளி வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வாளியில் விழாமல் கோப்பில் விழுகிறது. "எத்தனை நாளா இப்படி?" என்றார் மச்சான். "மூன்று கிழமை. கொழும்பிலிருந்து ஆள் வரவேணும்." மச்சானுக்குக் கை சும்மா இருக்காது. வாசல் காவலாளியிடம் சைக்கிள் பம்ப் வாங்கினார். கதிரையில் ஏறினார், மூடியைக் கழற்றினார். ஏசிக்குள் தண்ணீர் ஒரு சின்னத் தட்டில் சேர்ந்து குழாய் வழியாக வெளியே போகும். தூசியும் பாசியும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்தால் தட்டு நிரம்பி உள்ளே ஒழுகும், நோய் இவ்வளவுதான். பம்பின் வாயில் ஈரக் கைக்குட்டையைச் சுற்றிக் குழாய்க்குள் வைத்து நாலு அடி அடித்தார். பச்சைச் சளி மாதிரி ஒரு கட்டி பாய்ந்துபோய், வெளியே நின்ற காவலாளியின் சப்பாத்தில் விழுந்தது. பம்பை இரவல் கொடுத்த பாவம்! ஒழுக்கு நின்றுவிட்டது. தம்பி எழும்பி நின்று கைகொடுத்தார். "அண்ணன், அருமையான வேலை. ஆனா சேர்ட்டிபிகேட் இல்லாம எடுக்க எங்களுக்கு விதி இல்ல."

சிரியுங்கள், நானும் சிரித்தேன். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தொழில் முழுக்கக் கையில், ஆனால் கையில் காகிதம் இல்லை. வெறுங்கை முழம் போடுமா?

அந்தக் காகிதத்துக்கு வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற் தகைமை, ஏழு மட்டம். நாலாம் மட்டம் வந்தால் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். வகுப்பில் இருந்து படிக்காமல், அனுபவத்தாலேயே தொழில் தெரிந்தவருக்கு 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று ஒரு வாசல், ஆர்.பி.எல். என்பார்கள். செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்து ஒரு கோவை கொடுக்கவேண்டும், மதிப்பீட்டாளர் முன்னால் வேலை செய்து காட்டவேண்டும். ஆதாரத்துக்கு எங்கே போவது? மச்சானின் சம்பளத் துண்டெல்லாம் கட்டாரிலேயே குப்பைக்குப் போயிற்று. கடைசியில் அக்காவின் போன்தான் காப்பாற்றியது. மஞ்சள் தலைக்கவசத்தோடு, குழாயோடு, கூரையில் நின்றபடி என்று வருடக்கணக்காக வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை அவ ஒன்றைக்கூட அழிக்கவில்லை. மதிப்பீட்டு நாளன்று "பானாவைத் தாருங்கள்" என்றாராம் மச்சான். வளைகுடாவில் ஸ்பனருக்கு அதுதான் பேர். மதிப்பீட்டாளர் "பானையா? பொங்கப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். நாலாம் மட்டம் கிடைத்துவிட்டது.

பெண்களின் கதை இதைவிடப் பெரிது. குவைத்தில் பத்து வருடம் படுக்கையில் கிடந்த ஒரு முதியவரைத் தூக்கி, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, அவருடைய மொழியிலேயே கதைத்துப் பார்த்துக்கொண்ட தங்கச்சிமார் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். பராமரிப்பாளர் தொழிலுக்கும் என்.வி.கியூ. உண்டு. ஊரில் அவர்களுக்கு நாம் வைத்திருக்கிற ஒரே பேர், 'வெளிநாடு போய் வந்தவ'.

அதிபர் அவர்களே, மேடையில் வைத்துக் கேட்டால் மறுக்கமுடியாது என்று தெரிந்துதான் கேட்கிறேன். சனிக்கிழமைகளில் இந்தக் கல்லூரியின் ஒரு அறையைத் திறந்துவிடுங்கள். கோவை தயாரிக்க உதவ ஒரு கணினியும் ஒரு போதனாசிரியரும் போதும். காகிதம் கிடைத்த பிறகு இவர்களையே மாலை வகுப்புக்கு வருகைதரு போதனாசிரியராக எடுங்கள். கட்டாரில் ஐம்பது பாகை வெயிலில் ஏசி எப்படி மூச்சுத் திணறும் என்று இவர்களுக்குத் தெரியும். கொரியாத் தொழிற்சாலையில் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உள்ளே போனால் என்ன ஏச்சு விழும் என்றும் தெரியும். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நாளைக்கு ஒரு வெளிநாட்டுக் கல்லூரி வந்து "உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், இந்த வகுப்பைக் காட்டலாம்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். 'இன்னும் 2 நிமிடம்.' மொழியைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். அதை அடுத்த விழாவுக்கு வைத்துக்கொள்வோம், பொன்னாடை இல்லாமலே வருகிறேன்.

ஒரே ஒரு அறிவித்தல். வாசல் மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். பெயர், போன நாடு, செய்த வேலை, எத்தனை வருடம், போன் நம்பர். வீட்டில் இருக்கிற தம்பிக்காகவும் உம்மாவுக்காகவும் நீங்களே எழுதலாம். முதல் வரியில் மச்சான் எழுதியிருக்கிறார், எழுத்து விளங்காது, கீழே நான் திருத்தி எழுதியிருக்கிறேன். பேனை நூலில் கட்டியிருக்கிறது. இழுத்துப் பார்க்கவேண்டாம், என் பேரன் போட்ட முடிச்சு. நன்றி, வணக்கம்.